கணக்கில் வராத வளைவு

1902 ஜூன் 30. சிவசமுத்திரத்தில் காவிரி விழும் வேகத்திலிருந்து எடுத்த மின்சாரம் 92 மைல் தூரம் கம்பி வழியே பயணம் செய்து கோலார் தங்கவயலை எட்டிய நாள். அதுவரை விறகையும் நிலக்கரியையும் விழுங்கிக்கொண்டிருந்த நீராவி இயந்திரங்களின் ஆட்சி அன்று சரியத் தொடங்கியது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிய 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கவயல் முந்திக்கொண்டது. அந்நாளில் உலகின் மிக நீளமான மின்தடங்களுள் அதுவும் ஒன்று. திவான் சேஷாத்ரி ஐயரின் ஆதரவில் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் கனடாவில் பிறந்த பொறியாளர் ஜோலி டி லோத்பினியே.

இந்த வரலாற்றை ராபர்ட்சன்பேட்டையில் பலரும் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் அந்தக் கம்பியைப் பற்றி ஒரு சாதாரணக் கேள்வி உண்டு. இரண்டு கம்பங்களுக்கு நடுவே அது தொய்ந்து தொங்குகிறதே, அந்த வளைவுக்கு என்ன பெயர்? என்ன சமன்பாடு?

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுத்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மாணவரிடம் கேட்டால், "பரவளையம்" என்று பதில் வர வாய்ப்பு அதிகம். குற்றம் அவருடையதல்ல. கர்நாடக பி.யு.சி. மாணவர்கள் பத்தாண்டுகளுக்கு மேலாகப் படித்துவரும் என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புப் புத்தகத்தில், தொங்குபாலத்தின் வடம் பரவளைய வடிவில் இருப்பதாக ஒரு கணக்கு வருகிறது. அந்தக் கணக்கு சரி. பாலத்தின் தரை, வடத்தின் மேல் சீரான பாரமாக இழுக்கும்போது வடம் பரவளையம்தான். ஆனால் எந்தப் பாரமும் இல்லாமல், தன் எடையால் மட்டுமே தொங்கும் கம்பி பரவளையம் அல்ல. அதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் பேச்சில்லை. அதற்கு அடுத்த ஆண்டுப் புத்தகத்திலும் இல்லை.

அந்த வளைவு 'சங்கிலி வளைவு'. அதன் சமன்பாட்டில் இருப்பது 'காஸ் ஹெச்' என்று மாணவர்கள் வாயில் வழங்கும் அதிபரவளையக் கொசைன். அதன் உடன்பிறப்பு 'சைன் ஹெச்'. இரண்டையும் வகுத்தால் 'டான் ஹெச்'. தமிழ்க் கலைச்சொல்லில் இவை அதிபரவளையச் சார்புகள். பெயர்தான் பயமுறுத்தும். ஆள் சாது.

எவ்வளவு சாது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2.718 என்று தொடங்கும் ஆய்லரின் எண்ணை எடுத்துக்கொள்ளலாம். அதன் தலைகீழி 0.368. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.543. அதுதான் ஒன்றின் காஸ் ஹெச். கழித்துப் பாதியாக்கினால் 1.175. அது ஒன்றின் சைன் ஹெச். ஒன்றுக்குப் பதில் வேறு எண் வேண்டுமானால் ஆய்லரின் எண்ணை அந்த அடுக்குக்கு உயர்த்திவிட்டு அதே வேலையைச் செய்யவேண்டியதுதான். இப்போது 1.543, 1.175 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கண்டு கழித்தால் மிச்சம் 1. எந்த எண்ணை வைத்துச் செய்தாலும் மிச்சம் 1தான்.

சைன் வர்க்கத்தையும் காஸ் வர்க்கத்தையும் கூட்டினால் 1 என்று பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த ஒற்றுமை உறைக்கும். அங்கே கூட்டல், இங்கே கழித்தல். கூட்டல் வட்டத்தின் அடையாளம். கழித்தல் அதிபரவளையத்தின் அடையாளம். வட்டத்தின் மேல் நகரும் புள்ளியின் முகவரியைச் சைனும் காஸும் சொல்வதுபோல, அதிபரவளையத்தின் மேல் நகரும் புள்ளியின் முகவரியை இவை சொல்கின்றன. பெயர்க்காரணம் அவ்வளவுதான்.

இந்த வளைவு பெரிய தலைகளையே தடுமாறவைத்த ஒன்று. தொங்கும் சங்கிலி கிட்டத்தட்ட பரவளையம் என்று 1638இல் கலிலியோ எழுதினார். தொய்வு குறையக் குறைய பொருத்தம் கூடுகிறது என்பதையும் அவர் கவனித்திருந்தார். 'கிட்டத்தட்ட' என்பது 'அதுவேதான்' ஆகாது என்று ஜெர்மானியரான யுங்கியுஸ் நிறுவினார். அப்படியானால் உண்மையான வளைவு எது? 1690இல் யாகோப் பெர்னூலி இதைப் பகிரங்கச் சவாலாக விடுத்தார். மறு ஆண்டே மூன்று பேர் விடை சொன்னார்கள்: லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யாகோபின் தம்பி யோஹான். அண்ணன் கேட்ட கேள்விக்குத் தம்பி விடை கண்டதில் அந்தக் குடும்பத்தில் உரசல் கொஞ்சம் கூடியது. காஸ் ஹெச், சைன் ஹெச் இரண்டையும் தனிச் சார்புகளாக முறைப்படுத்திய பெருமை 1757இல் நூல் வெளியிட்ட இத்தாலியப் பாதிரியார் வின்சென்ஸோ ரிக்காத்திக்கும், அடுத்த சில ஆண்டுகளில் அவற்றை வளர்த்தெடுத்த லாம்பர்ட்டுக்கும் உரியது. 'பை' விகிதமுறா எண் என்று முதலில் நிறுவிய அதே லாம்பர்ட்தான்.

மின்கம்பி இழுக்கும் பொறியாளருக்கு இந்த வரலாறெல்லாம் வேண்டுமா? நடைமுறைவாதிகளின் வாதத்தில் நியாயம் உண்டு. 100 மீட்டர் இடைவெளியில் நன்கு முறுக்கி இழுத்துக் கட்டிய கம்பி இரண்டரை மீட்டர் தொய்கிறது என்று வைத்துக்கொண்டால், பரவளையக் கணக்குக்கும் காஸ் ஹெச் கணக்குக்கும் வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். காற்றில் ஆடும் கம்பியில் இதை யார் அளக்கப்போகிறார்கள்? ஆனால் அதே 100 மீட்டர் இடைவெளியில் கம்பியைத் தளரவிட்டுத் தொய்வு 27 மீட்டருக்குப் போனால் பரவளையம் இரண்டு மீட்டருக்குமேல் பொய் சொல்கிறது. எங்கே தோராயம் போதும், எங்கே போதாது என்று தெரிவதுதான் பொறியாளரின் படிப்பு. தோராயத்தை மட்டும் கற்றவருக்கு அது தோராயம் என்பதே தெரியாது.

மின்தடத்தில் இந்தச் சார்புகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாதது. தடம் நீளும்போது, ஒரு முனையில் செலுத்தும் மின்னழுத்தம் மறுமுனையில் என்னவாக வந்து சேரும் என்ற கணக்கிலும் காஸ் ஹெச்சும் சைன் ஹெச்சும்தான் வருகின்றன. இன்றைய பொறியியல் புத்தகங்களில் சிவசமுத்திரம் தடத்தின் 148 கிலோமீட்டர் 'நடுத்தர நீளம்' என்ற வகையில் சேரும். அதற்குச் சுருக்கு வழிகள் உண்டு. சுமார் 250 கிலோமீட்டரைத் தாண்டினால் முழுச் சமன்பாட்டைத் தவிர்க்க முடியாது.

இந்தக் கணிதத்தை மின்பொறியாளர்களின் கைக்கருவி ஆக்கியவர் ஆர்தர் கென்னலி. எடிசனிடம் பணிபுரிந்து, பிறகு ஹார்வர்டில் பேராசிரியரானவர். 1911இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் அதிபரவளையச் சார்புகளின் மின்பொறியியல் பயன்பாடு பற்றி அவர் ஆற்றிய உரைகள் நூலாகவும் வந்தன. பிறகு பக்கம் பக்கமாக எண் அட்டவணைகளையும் வெளியிட்டார். தங்கவயலுக்கு மின்சாரம் வந்த அதே 1902இல், வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்படலம் ஒன்று வானில் இருக்கவேண்டும் என்று ஊகித்தவரும் அவரே. அவர் பிறந்த ஊர் பம்பாய், கொலாபா.

தங்கவயலுக்கு அடியிலும் இதே கணிதம் வேலை செய்தது. பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்குமேல் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் தங்கத்துக்கு மட்டுமல்ல, இயற்பியலுக்கும் பேர்போனது. விண்ணிலிருந்து வரும் துகள்களை ஆராய டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950களிலேயே இங்கு வந்துவிட்டார்கள். 1965இல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயத்தை அவர்களும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து பதிவு செய்தார்கள். அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இதே கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. இரண்டும் தங்கச் சுரங்கங்கள். மேலே பாறை எவ்வளவு தடிமனோ, அவ்வளவுக்கு வேண்டாத துகள்கள் வடிகட்டப்படும்.

அப்படி வடிகட்டப்படும் துகள்களில் முக்கியமானது ம்யூவான். அதன் ஆயுள் சராசரியாக ஒரு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு சொச்சம். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்த ஆயுளுக்குள் 700 மீட்டர்கூடக் கடக்க முடியாது. ஆனால் பல கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த ம்யூவான்கள் தரையைத் தொட்டு, சுரங்கத்துக்குள்ளும் இறங்குகின்றன. காரணம் ஐன்ஸ்டைன் சொன்னது: வேகமாக ஓடும் துகளின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக ஓடுகிறது. எத்தனை மடங்கு மெதுவாக? விடை, ஒரு காஸ் ஹெச்.

ஒளியின் வேகத்தை நெருங்கும்போது வேகங்களைச் சாதாரணமாகக் கூட்ட முடியாது. ஒளியின் வேகத்தில் 0.6 பங்கு வேகத்தில் ஒரு கலம் போகிறது. அதிலிருந்து முன்னோக்கி இன்னொரு கலம் அதே 0.6 பங்கு வேகத்தில் ஏவப்படுகிறது என்றால், மொத்தம் 1.2 அல்ல, சுமார் 0.88. இது எப்படி வந்தது? டான் ஹெச் 0.6 ஆகும்படியான எண் எது என்று பார்த்தால் 0.693. அதை இரட்டித்தால் 1.386. அதன் டான் ஹெச் 0.88. வேகங்கள் கூட்டலுக்குக் கட்டுப்படவில்லை. ஆனால் டான் ஹெச்சுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் எண்கள் சமர்த்தாகக் கூட்டிக்கொள்கின்றன. இயற்பியலார் இந்த எண்ணுக்குத் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

ஆக, ஊருக்கு வந்த மின்சாரத்திலும் ஊருக்கு அடியில் நடந்த ஆராய்ச்சியிலும் இடம்பெற்ற கணிதம், ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக் கணிதத்தில் இல்லை. இதில் வேடிக்கை, பேருந்தில் போய்வரும் தூரத்தில் எல்லை தாண்டினால் நிலைமை வேறாக இருந்தது. ஆந்திரத்தின் இன்டர்மீடியட் முதலாண்டுக் கணிதத்தில் அதிபரவளையச் சார்புகளுக்கு நெடுங்காலம் ஒரு சிறு அத்தியாயமே இருந்தது. பொறியியல் நுழைவுத் தேர்விலும் கேள்வி வரும். குப்பத்தில் படித்தவருக்குப் பதினாறு வயதில் தெரிந்த காஸ் ஹெச், ராபர்ட்சன்பேட்டையில் படித்தவருக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவருக்கும் கல்லூரியில்தான் அறிமுகம். இப்போது ஆந்திரமும் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. எல்லைக்கு இருபுறமும் சமத்துவம் வருகிறது, இல்லாமையில்.

ஆந்திரத்து அனுபவத்தையும் அப்படியே கொண்டாடிவிட முடியாது. அங்கே இந்த அத்தியாயம் இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பேர்போனது. அரை என்ற எண்ணின் நேர்மாறு டான் ஹெச், மூன்றின் மடக்கையில் பாதி என்று நிறுவவேண்டும். இரண்டு வரியில் முடியும். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். ஒளியின் வேகத்தில் பாதி வேகம் என்பதன் பொருள் அதற்குள் இருக்கிறது என்று அந்த இரண்டு மதிப்பெண் சொல்லித் தராது. அத்தியாயம் இருந்தால் புரிதல் வந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சூத்திரப் பட்டியலில் இன்னும் பத்து வரி சேரும், அவ்வளவே.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவானது. பாடச்சுமை அதிகம் என்று புத்தகங்களிலிருந்து பாடங்களை நீக்கிவரும் காலம் இது. கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புக் கணிதத்திலிருந்து கணிதத் தொகுத்தறிதலையே எடுத்துவிட்டது. நிறுவல் முறைகளில் அடிப்படையான ஒன்றுக்கே இடமில்லாத வீட்டில் புது விருந்தாளிக்கு எங்கே பாய் விரிப்பது? தவிர, நாட்டுக்கு எத்தனை பேர் மின்தடம் போடப்போகிறார்கள், எத்தனை பேர் ம்யூவானைத் துரத்தப்போகிறார்கள் என்றும் கேட்கலாம்.

ஆனால் இந்த விருந்தாளி ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருக்கிறார், மாறுவேடத்தில். பதினோராம் வகுப்பில் அதிபரவளையம் வருகிறது. பன்னிரண்டில் ஆய்லரின் எண்ணின் அடுக்குகள் வருகின்றன. பிறகு தொகைநுண்கணிதத்தில் மாணவர்கள் நெட்டுருப் போடும் சூத்திரங்களில் ஒரு ஜோடி உண்டு. வர்க்கமூலத்துக்குள் கழித்தல் இருந்தால் விடை நேர்மாறு சைன். கூட்டல் இருந்தால் விடை நீளமான ஒரு மடக்கை. ஒரு குறி மாறியதும் திரிகோணமிதி எங்கே போனது, மடக்கை எங்கிருந்து வந்தது? எந்த மாணவருக்கும் எழவேண்டிய கேள்வி. அந்த நீளமான மடக்கை வேறு எதுவுமல்ல, நேர்மாறு சைன் ஹெச்தான். பெயரைச் சொல்லிவிட்டால் இரண்டு சூத்திரமும் ஒரே முகத்தின் இரு பக்கங்கள். சொல்லாவிட்டால் நெட்டுருப் பட்டியலில் இரண்டு தனி வரிகள். சுமையைக் கூட்டுவது எது, குறைப்பது எது?

பெயர் தெரியாததன் விலையைக் கொடுப்பவர்கள் எல்லோரும் அல்ல. வீட்டில் பொறியாளர் இருக்கும் பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். பெரிய நகரத்துப் பயிற்சி மையத்தில் படித்தது எங்காவது பார்த்திருக்கும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஊர் இது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்தான் இன்று பொறியியல் வகுப்புகளில் உட்காருகிறார்கள். பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். முதலாண்டுக் கணித வகுப்பில் விரிவுரையாளர், 'இது உங்களுக்குத் தெரிந்திருக்கும்' என்று காஸ் ஹெச்சைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போது, தெரியாது என்று கையுயர்த்த அவர்களுக்குத் துணிச்சல் வர நாளாகும். அச்சுப்பிழை என்று நினைத்து 'ஹெச்'சை விட்டுவிட்டு எழுதிக்கொள்பவர்களும் உண்டு. கணக்கு வராது என்ற முடிவுக்கு ஒருவர் வர இப்படிச் சின்னச் சின்ன இடறல்கள் போதும்.

ஒரு காலத்தில் இதற்கு வேறு வழி இருந்தது. லோனியின் திரிகோணமிதி நூலின் இரண்டாம் பாகம் அதிபரவளையச் சார்புகளைப் பேசுகிறது. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த ராமானுஜன் கையில் கிடைத்து, பதின்மூன்று வயதுக்குள் அவர் கரைத்துக் குடித்த நூல் அது. பின்னாளில் அவர் எழுதிய சூத்திரங்களில் காஸ் ஹெச் சர்வசாதாரணமாக நடமாடுகிறது. தமிழ்நாட்டு பி.எஸ்ஸி. மாணவர்கள் பல தலைமுறையாக இதைப் படித்தது நாராயணன் - மாணிக்கவாசகம் பிள்ளை திரிகோணமிதிப் புத்தகத்தில். ராமானுஜன்கள் புத்தகத்தைத் தேடிப்போவார்கள். மற்றவர்களைத் தேடிப் புத்தகம்தான் வரவேண்டும்.

அதற்கு அத்தியாயம் தேவையில்லை. தேர்வும் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டு பக்கம் போதும்: வரையறை, வர்க்கங்களைக் கழித்தால் ஒன்று என்ற உறவு, அந்த மாறுவேட மடக்கை, தொங்கும் சங்கிலியின் படம். 'தேர்வுக்கு அல்ல' என்று மேலே அச்சிட்டுவிட்டால் மாணவர்கள் நிம்மதியாகப் படிக்கவும் கூடும். பிரிட்டனில் பள்ளி இறுதியில் மேல்கணிதம் எடுப்பவர்களுக்கு இவை பாடமாகவே இருக்கின்றன. இங்கே அவ்வளவு கேட்கவில்லை.

பாடத்திட்டக் குழு கூடும்வரை ஆசிரியர்கள் காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு கிராஃப் தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டி, 47 செ.மீ. நீளமுள்ள மெல்லிய சங்கிலி ஒன்றின் முனைகளை ஒரே மட்டத்தில் 40 செ.மீ. இடைவெளியில் குத்தினால் போதும். நடுவில் அது ஏறக்குறைய 10.9 செ.மீ. தொங்கும். நடுவிலிருந்து பக்கவாட்டில் 10 செ.மீ. தள்ளி, சங்கிலி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். பரவளையமானால் 2.7 செ.மீ. ஏறியிருக்கவேண்டும். காஸ் ஹெச்சானால் 2.55. கிராஃப் தாளின் சின்னக் கட்டத்தில் ஒன்றரைக் கட்ட வித்தியாசம். கலிலியோவுக்குப் பிறகு அரை நூற்றாண்டு விவாதித்த விஷயத்தைப் பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒரு பாடவேளைக்குள் தங்கள் கண்ணால் தீர்த்துவிடலாம்.

சங்கிலி தங்கமாக இருக்கவேண்டிய அவசியமில்லை. கவரிங் போதும்.